நோகாத காலைக் கவனியுங்கள்

கால் நொந்தால் வைத்தியரிடம் ஓடுகிறோம். நோகாவிட்டால் சுகம் என்று எண்ணுகிறோம். நமது கமக்காரக் குடும்பங்களில் சிலர் விரலையும் பின்னர் காலையும் இழப்பதற்கு இந்த எண்ணமும் ஒரு காரணமாகும்.

முள் குத்தியதும் காலை இழுக்கச் செய்வது நோவு. நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் நரம்புகள் பழுதடைகின்றன. பெரும்பாலும் பாதத்திலிருந்தே தொடங்கும். முதலில் எரிவும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் இரவில் கூடும். பின்னர் அதுவும் அடங்கலாம். "இப்போது எரிவு இல்லை, சுவாமி" என்று மகிழ்ச்சியோடு சொல்பவர்களை எண்ணித்தான் எனக்குக் கவலை. உணர்வே செத்துப்போயிருக்கலாம்.

இடம்பெயர்ந்தோருக்கு விதைநெல் கொடுக்கிறோம், மண்வெட்டி கொடுக்கிறோம். செருப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் அபிப்பிராயத்தில் அதுவும் ஒரு விவசாய உபகரணமே. அடி தடித்து, உள்பக்கம் மெதுவாக, பின்பட்டியோடு இருக்கவேண்டும். மரத்த காலிலிருந்து செருப்புக் கழன்றாலும் தெரியாதல்லவா?

சேற்று வயலில் செருப்போடு இறங்க முடியாது என்பீர்கள். உண்மைதான். ஆனால் காலில் புண் உள்ளவர் சேற்றில் இறங்கவே கூடாது. மற்றவர்கள் கரையேறியதும் கழுவி, விரல் இடுக்குகளைத் துடைத்து, அடிப்பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாத அப்புவுக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். கைக்கும் இதே கதைதான். சட்டி இறக்கத் துணி பிடியுங்கள். வெந்நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். ஆணியை பிளேட்டால் வெட்டாதீர்கள்.

தொழுநோயாலும் உணர்வு போகும். இதைச் சொல்ல நமக்கு வெட்கம். உணர்வற்ற வெளிறிய தேமலைக் கண்டால் மறைக்காதீர்கள். 1983 முதல் இலங்கையில் கூட்டுமருந்துச் சிகிச்சை நடைமுறையில் உள்ளது; 6 அல்லது 12 மாதங்கள் ஒழுங்காக எடுத்தால் நோய் மாறும், பணமும் செலவில்லை. அயலவருக்குப் பயந்து கடத்தும் மாதங்களில்தான் விரல்கள் மடங்கிப்போகின்றன.

திருவிழாக் காலத்தில் சுடுமணலில் வெறுங்காலோடு நேர்த்தி நடப்பவர்கள் உண்டு. உணர்வு குன்றிய காலுடையோர் செருப்போடு நடக்கட்டும், இறைவன் கோபிக்கமாட்டார். பங்குத்தந்தையர் இதனைப் பூசையிலேயே அறிவிப்பது நல்லது. கொப்புளமோ புண்ணோ கண்டவர் ஊசியால் குத்தாமல், அடுத்த சாய்சாலை நாள் வரை காத்திராமல், அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.