கியர் பாக்ஸுக்குத் தனி கூலர் தேவையா?

ஜமுனாமரத்தூர் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். இரண்டு ஏக்கரில் சாமை போடுகிறார். அது போதாமல், கடன் வாங்கி ஒரு பழைய பிக்கப் வண்டி எடுத்திருக்கிறார். ஊர்க்காரர்களின் சாமை, புளி, பலாப்பழத்தைத் திருவண்ணாமலைக்கு இறக்கிவிட்டு, திரும்பும்போது உரம், சிமெண்ட் ஏற்றி வருகிறார். இந்தக் கோடையில் போளூர் வழியாக மலையேறி ஊர் வந்து நிறுத்தினால், கியர் லிவரில் கை வைக்க முடியவில்லையாம். சீட்டுக்குக் கீழே தீய்ந்த வாடை வேறு. கைப்பேசியில் அவர் பார்த்த வெளிநாட்டு வீடியோவில், பிக்கப் வண்டியின் முன்பக்கம் குட்டி ரேடியேட்டர் போல ஒன்றைப் பொருத்தி, கியர் பாக்ஸ் சூட்டைக் குறைக்கலாம் என்று காட்டியிருக்கிறார்கள். நகரத்தில் ஒரு கடையில் விசாரித்தால், 18,000 ரூபாய் கொடுத்தால் மாட்டித் தருவதாகச் சொன்னார்களாம். ‘மாட்டலாமா?’ என்பது கேள்வி.

மாட்ட வேண்டாம். அந்தப் பணத்துக்கு அவர் வண்டியில் வேறு வேலை இருக்கிறது.

வீடியோவில் காட்டியது பொய்யல்ல. ஆனால் அது வேறு வகை வண்டி. வெளிநாட்டுப் பிக்கப்புகளில் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள். அவற்றில் கிளட்ச் பெடலே கிடையாது. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே ‘டார்க் கன்வெர்ட்டர்’ என்று ஒரு மூடிய பாத்திரம் இருக்கும். உள்ளே எண்ணெய். எஞ்சின் பக்கத்து விசிறி அந்த எண்ணெயைச் சுழற்றி அடிக்க, எதிர்ப்பக்கத்து விசிறி அதன் வேகத்தில் சுற்றும். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால் மற்றதும் மெல்லச் சுற்றுமே, அதே வேலைதான். சமவெளியில் வேகமாகப் போகும்போது நழுவல் குறைவு. டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேட்டில் ஊர்ந்து ஏறும்போது நழுவல் அதிகம். நழுவிய சக்தி எல்லாம் எண்ணெயில் சூடாக இறங்கும். எண்ணெய் 80 டிகிரிக்கு மேல் போனால், ஏறும் ஒவ்வொரு பத்துப் பதினோரு டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது ஆட்டோமேட்டிக் வண்டி வேலை செய்பவர்களின் கணக்கு. அந்த எண்ணெயை ஒரு பம்ப் எப்போதும் சுற்றிவிட்டுக்கொண்டே இருக்கும். ரேடியேட்டருக்குப் போய்த் திரும்பும் குழாய்களும் வண்டியிலேயே உண்டு. அந்தக் குழாயின் திரும்பும் பக்கத்தில் இன்னொரு கூலரைச் சேர்த்து, காற்று படும்படி முன்னால் மாட்டுகிறார்கள். அங்கே அதற்கு வேலை இருக்கிறது. நம் நாட்டில் டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் போன்றவற்றின் ஆட்டோமேட்டிக் ரகங்களில் இந்தப் பேச்சுக்கு இடமுண்டு.

நம் ஊர்ச் சந்தைக்கு வரும் பொலிரோ பிக்கப், தோஸ்த், ‘குட்டி யானை’ என்று எல்லோரும் சொல்லும் டாடா ஏஸ் எல்லாம் கையால் கியர் போடும் வண்டிகள். இவற்றின் கியர் பாக்ஸுக்குள் பம்ப் கிடையாது. அடியில் ஓரிரண்டு லிட்டர் எண்ணெய் கிடக்கும். கீழ்ப் பற்சக்கரங்கள் அதில் முங்கிச் சுழன்று மேலே வாரி இறைக்கும். மற்ற சக்கரமும் பேரிங்கும் அந்தச் சிதறலில்தான் நனைகின்றன. எண்ணெய் வெளியே போய்வர வழியே இல்லாத பெட்டிக்குக் கூலர் மாட்டுவது, மோட்டார் இல்லாத கிணற்றுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுவது மாதிரி. பெட்டியில் துளை போட்டு, தனி பம்ப் வைத்து மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒழுகுவதற்கு நான்கு புது இடங்கள் கூடியதுதான் மிச்சம்.

சூட்டின் கணக்கையும் பார்த்துவிடலாம். மேட்டில் எஞ்சின் 50 கிலோவாட் சக்தி கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நல்ல நிலையில் உள்ள மேனுவல் கியர் பாக்ஸ் அதில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்றைத்தான் சூடாக்கி வீணாக்கும். அது 1,500 வாட். வீட்டில் பக்கெட்டில் போட்டு வெந்நீர் வைக்கும் ராடு ஒன்றின் அளவு. அந்தச் சூட்டை வண்டிக்கு அடியில் ஓடும் காற்றே எடுத்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டி முக்கி முனகி ஏறும்போது கால் பங்கு சக்தி எண்ணெயில் இறங்கினாலே எட்டு ராடு. கூலர் ஏன் அங்கே வேண்டும், இங்கே ஏன் வேண்டாம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

கை வைக்க முடியவில்லை என்பதைக் கொண்டு மட்டும் கியர் பாக்ஸ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. மனிதக் கை 60 டிகிரியையே தாங்காது. மலையேறி வந்த கியர் பாக்ஸின் வெளிப்புறம் 80, 90 டிகிரி இருப்பது இயல்பு. பக்கத்திலேயே சைலன்ஸர் குழாயும் ஓடுகிறது. உள்ளே இரைச்சல், கியர் விழ மறுப்பது, போட்ட கியர் தானே கழன்றுகொள்வது, இவைதான் கவலைப்பட வேண்டிய அறிகுறிகள். வாசகர் அப்படி எதையும் எழுதவில்லை. அவர் எழுதியது தீய்ந்த வாடை. அந்த வாடை கியர் ஆயிலுடையது அல்ல, அநேகமாகக் கிளட்ச் பிளேட்டுடையது.

கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வருகிறது. வண்டியை நிறுத்த வேண்டும். ஹேண்ட் பிரேக் போடாமல், பாதி கிளட்ச்சும் பாதி ஆக்ஸிலேட்டருமாக வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்து வைத்திருக்கும் பழக்கம் நம் ஓட்டுநர்கள் பலரிடம் உண்டு. அதைத் திறமை என்று சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. அந்த நேரத்தில் எஞ்சின் கொடுப்பது முழுக்கக் கிளட்ச் பிளேட்டின் உரசலில் எரிகிறது. அங்கே எண்ணெயும் இல்லை, காற்றோட்டமும் இல்லை. கூடவே இரண்டாவது கியரிலேயே வளைவை ஏற்றிவிடலாம் என்று பார்த்து, முக்கியபின் பாதி வளைவில் கிளட்ச்சை மிதித்து முதல் கியருக்கு வருவது. வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிட்டால் பெடலில் கால் வைக்கும் வேலையே இல்லை.

வாசகர் செய்ய வேண்டிய முதல் சோதனை காசில்லாதது. சமதளச் சாலையில் டாப் கியரில் நிதானமாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று அழுத்திப் பார்க்கட்டும். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வண்டி வேகம் ஏறாவிட்டால் பிளேட் நழுவுகிறது. பெடலின் மேல் பகுதியில் கையேடு சொல்லும் அளவுக்குத் தளர்ச்சி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தத் தளர்ச்சி இல்லையென்றால், யாரும் மிதிக்காமலேயே கிளட்ச் பாதி மிதித்த நிலையில் இருக்கும்.

அடுத்தது கியர் ஆயில். சமதளத்தில் நிறுத்தி, சூடு ஆறியபின், பக்கவாட்டில் உள்ள ஃபில்லர் போல்ட்டைக் கழற்ற வேண்டும். துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் நிற்க வேண்டும். குறைந்தால் மேல் பேரிங்குகள் காயும். ‘கூட இருந்தால் நல்லதுதானே’ என்று அதிகம் ஊற்றினாலும் கெடுதல்தான். சக்கரங்கள் கடைந்து நுரையாக்கி, சூட்டை ஏற்றி, ஆயில் சீலைத் தள்ளிவிடும். பெட்டியின் மேலே உள்ள பிரீத்தர் துளை செம்மண் தூசியில் அடைத்துக்கொண்டாலும் சீல் ஒழுகும். பழைய வண்டி வாங்கியவர், முன் உரிமையாளர் என்ன சொல்லியிருந்தாலும், எண்ணெயை ஒருமுறை முழுக்க மாற்றிவிடுவதே நிம்மதி. இறக்கிய எண்ணெயில் மையாகத் துகள் இருந்தால் பயமில்லை. நகத்தில் சிக்கும் இரும்புத் துண்டு இருந்தால் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். பித்தளை மினுமினுப்பு நிறைய இருந்தால் கியர் சேர்க்கும் வளையங்கள் தேய்கின்றன. கடையில் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று இரண்டு ரகம் இருக்கும். ‘5 என்றால் உசத்தி’ என்று வாங்கக் கூடாது. 5 பின்பக்கக் கிரவுனுக்கு ஏற்றது. அதில் உள்ள கந்தகக் கலவை சில கியர் பாக்ஸ்களின் பித்தளை வளையங்களை அரிக்கக் கூடும். வண்டிக் கையேட்டில் எழுதியிருப்பதே சரி.

இனி சுமை. கடிதத்திலேயே அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார், ஒரு நடைக்கு 40 மூட்டை சிமெண்ட். 50 கிலோ வீதம் 2,000 கிலோ. அவர் ஆர்.சி. புத்தகப்படி ஏற்றக்கூடியது 1,300 கிலோ, அதாவது 26 மூட்டை. கூடுதல் 14 மூட்டையின் கூலிக்காகத்தான் கிளட்ச் எரிகிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்குமேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. ஒருமுறை பிடிபட்டால் கூலர் விலையைவிட அதிகம் போய்விடும். ‘26 மூட்டையில் டீசலுக்கே கட்டாது’ என்று அவர் சொல்லலாம். அது நியாயமான பேச்சுதான். ஆனால் கிளட்ச் செட் விலை, பட்டறைக் கூலி, வண்டி நின்ற நாட்களின் தவணை மூன்றையும் ஒரு பக்கம் எழுதிவிட்டு அந்தக் கணக்கைப் போடட்டும். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் மலையிலிருந்து ஆட்களைச் சரக்கின்மேல் ஏற்றி வரும் வழக்கமும் இருக்கிறது. சரக்குக்கு உரியவர் தன் சரக்கோடு வருவது வேறு. சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவருக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்பது உச்ச நீதிமன்றம் வரை போய் முடிவான விஷயம். நஷ்டஈடு உரிமையாளர் தலையில்தான், அதாவது அந்த இரண்டு ஏக்கரின் மேல்தான் விழும்.

ஏறுவதை மட்டுமே கேட்டிருக்கிறார். ஆனால் உயிர் போகிற இடம் இறக்கம். வண்டியும் சுமையுமாக 3 டன்னை 500 மீட்டர் உயரம் தூக்க ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி செலவாகிறது. அதே எடையோடு இறங்கும்போது அந்த 4 யூனிட்டும் எங்காவது சூடாகக் கழிய வேண்டும். எந்தக் கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்கினால் பெரும் பங்கை எஞ்சினே பிடித்துக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் மொத்தமும் நான்கு சக்கரப் பிரேக்கில் இறங்கும். பிரேக் ஆயில் கொதித்து, பெடல் தரையைத் தொடும். எஞ்சினையும் அணைத்துவிட்டு உருட்டுவது இன்னும் மோசம். இரண்டு மூன்று மிதிக்குள் பிரேக்குக்கான வேக்குவம் தீர்ந்துவிடும். கியர் பாக்ஸில் எண்ணெயை வாரி இறைக்கும் சக்கரமும் அப்போது நின்றுவிடுவதால், எந்தக் கூலராலும் காப்பாற்ற முடியாதபடி உள்ளே காயும். மிச்சமாகும் டீசல் அரை லிட்டர்கூட இருக்காது.

கூலர் உண்மையிலேயே உயிர்நாடியாக இருக்கும் இயந்திரம் ஒன்று வாசகர்களின் வயலுக்கே வருகிறது. நெல் அறுக்கும் பெல்ட் வண்டி. அதை நகர்த்துவது எண்ணெய் அழுத்தம். அந்த எண்ணெய்க்கான கூலர் ரேடியேட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும். வைக்கோல் தூசியும் பதரும் அதன் வலையில் அப்பிக்கொண்டால், மதியத்துக்குமேல் வண்டி இழுக்காது. மணிக்கணக்கில் வாடகை கொடுப்பவர், வலையை ஊதிச் சுத்தம் செய்தபிறகு வயலில் இறக்கச் சொல்வது தவறில்லை. வண்டி மெதுவாக ஊர்ந்தால் மீட்டர் ஓடுவது அவர் பணத்தில்.

ஆரணி பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வியும் இதற்கு உறவானதே. சேற்றுழவு முடிந்தபின் அவருடைய டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெய் மோர் போல வெளுத்திருக்கிறதாம். பாரம் தூக்கும்போது முனகலும் கேட்கிறதாம். எண்ணெயில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. பல டிராக்டர்களில் கியர், ஹைட்ராலிக், எண்ணெயில் முங்கிய பிரேக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். எனவே, இந்தப் பருவத்தை ஓட்டிவிட்டு மாற்றலாம் என்று தள்ளிப்போட முடியாது, பிரேக்கும் அதில் அடக்கம். எண்ணெயை முழுக்க இறக்கி, ஃபில்டரைச் சுத்தம் செய்து அல்லது மாற்றி, கம்பெனி சொன்ன டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயிலையே ஊற்ற வேண்டும். விலை குறைவென்று லாரி கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக் கிறீச்சிடும், பிடிக்காது. அதற்கு முன் தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். கியர் லிவரின் ரப்பர் கிழிந்திருக்கிறதா, பிரீத்தர் மூடி இருக்கிறதா, பின் அச்சின் சீல் சேற்றில் தேய்ந்திருக்கிறதா என்று மூன்று இடத்தையும் மெக்கானிக்கோடு கூட இருந்து பார்ப்பது நல்லது. இறக்கிய பழைய எண்ணெயை வரப்பிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிட வேண்டும்.