கீழ்வாய்க் கணக்கைக் கெடுப்பது எது?

தமிழ்க் குழந்தை பள்ளி புகுமுன்பே கீழ்வாய்க் கணக்கின் முதற்படியை அறிந்து கொள்கின்றது. அரை இட்டிலி, கால் படி, முக்கால் குடம் எனத் தாயின் வாய்வழிக் கேட்டு, எது பெரிது எது சிறிது என ஐயமறத் தெளிகின்றது. அக்குழந்தையே பள்ளியில் ஐந்தாறாண்டு பயின்றபின், 0.5, 0.25 ஆகிய இரண்டனுள் பெரியது எது என வினவின், 0.25 என்று விடையிறுப்பதுண்டு. ஐந்தினும் இருபத்தைந்து பெரிதன்றோ என்று அதற்குக் கரணியமுங் கூறும்! 1/4 என்பதைப் புள்ளியிட்டு எழுதுக என்றால், 1.4 என்று எழுதும் பிள்ளைகளும் உளர். வீட்டில் தெளிந்திருந்த அறிவு பள்ளியில் மழுங்கியது எங்ஙனம்?

குற்றம் குழந்தையதன்று, கற்பிக்கும் சொல்லதும் கற்பிக்கும் முறையதுமே ஆகும்.

முதலிற் சொல்லை நோக்குக. பாடநூலிற் பயில்வன பின்னம், தசமம் என்னும் இரண்டு சொற்கள். இரண்டும் வடசொற்கள். முன்னது உடைந்தது என்றும், பின்னது பத்தாவது என்றும் பொருள்படுவன. அப்பொருளைக் குழந்தைக்கு எடுத்துரைப்பார் எத்துணைப் பேர்? ஆங்கிலவழிப் பள்ளியிலோ அவ்விரண்டு சொல்லும் போய், வேறிரண்டு அயற்சொற்கள் வந்து அமர்கின்றன. கீழ்வாயிலக்கம் என்று சொல்லிப் பாருங்கள்: ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட எண் என்பது சொல்லிலேயே விளங்கும். பதின்மம் என்று சொல்லிப் பாருங்கள்: பத்துப்பத்தாகப் பகுத்தது என்பது தானே புலனாகும். பெயரே பாதிப் பாடத்தைக் கற்பிக்கும்போது அப்பெயரைத் தள்ளுவானேன்?

இனி முறையை நோக்குக. மேலெண்ணைக் கீழெண்ணால் வகு, புள்ளி வை, சுழியம் சேர் என்று ஏவுகின்றனரேயன்றி, ஏன் என்று சொல்வாரில்லை. 0.25 என்பதைச் சுழியம் புள்ளி இருபத்தைந்து என்று படிக்கவிடுவது மற்றொரு கேடு. புள்ளிக்குப் பின் நிற்கும் 2 பத்தில் இரண்டு. அடுத்து நிற்கும் 5 நூற்றில் ஐந்து. ஆகலின் சுழியம் புள்ளி இரண்டு ஐந்து என்றே படித்தல் வேண்டும். அதனோடு, இஃது உன் வாயிலுள்ள கால்தான் என்று ஒரு சொல் சொன்னாற் போதும். கால் பெரிதா அரை பெரிதா என்னும் வினாவிற்கு எக்குழந்தை பிழைபட விடை கூறும்?

தமிழன் கீழ்வாய்க் கணக்கிற்குப் புதியவனல்லன். அரை என்னும் சொல்லின் புணர்ச்சிக்குத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் நெறி வகுத்துள்ளது. முந்திரிக்குமேல் ஒரு காணி மிகுந்தவுடன் தன்னை வானவர்க்கரசனாக எண்ணிக்கொள்ளும் கீழ்மகனை நாலடியார் எள்ளுகின்றது. எத்துணைச் சிறிய செல்வத்திற்கு எத்துணைப் பெரிய செருக்கு என்பதை உணர, அன்றைத் தமிழர்க்கு அவ்வளவைகள் நாவிற் பழகியிருந்தன. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி வாயிலாக இவற்றையே பிள்ளைகள் ஓதினர்.

முந்திரி 1/320, நான்கு முந்திரி ஒரு காணி, அஃதாவது 1/80, நான்கு காணி ஒரு மா, அஃதாவது 1/20, ஐந்து மா ஒரு கால். இவ்வேணியிற் பதின்மத்தை ஏற்றிப் பாருங்கள். மா 0.05, எனவே ஐந்து மா 0.25. இருமா 0.1, அதுவே புள்ளிக்குப் பின் முதலிடம். காணி 0.0125. மாவும் காணியும் கூடியது மாகாணி: 0.05 உடன் 0.0125 கூட்ட 0.0625, அதுவே 1/16. பெயரே கூட்டற் கணக்காக நிற்கும் நுட்பத்தை என்னென்பது!

மறுதலையாகவும் செல்லலாம். 0.375 என்பது 375/1000. மேலுங்கீழும் 125-ஆல் வகுக்க 3/8. தமிழில் அது காலே அரைக்கால். 0.25 உடன் 0.125 கூட்டிச் சரிபார்த்துக் கொள்க.

இவையனைத்தும் முடிவுறு பதின்மங்களாதல் ஏன்? 320 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் பெருகிய பெருக்கம். பத்தும் இரண்டும் ஐந்தும் பெருகியதே. ஆகலின் இரண்டும் ஐந்தும் மட்டுமே கொண்ட கீழெண்ணைத் தக்க எண்ணாற் பெருக்கிப் பத்தாகவோ நூறாகவோ ஆயிரமாகவோ அதற்கு மேலாகவோ ஆக்கலாம். மூன்றில் ஒன்று அங்ஙனமன்று. அது 0.333 என முடிவின்றி ஓடும். பத்தை எத்துணை முறை பெருக்கினும் மூன்றால் மீதியின்றி வகுபடாது. கைப்பேசி காட்டும் சில இலக்கங்களை முழுவிடை என்று நம்பும் பிள்ளைக்கு இவ்வுண்மையை உணர்த்துவதன்றோ ஆசிரியர் கடன்?

மாவும் காணியும் வழக்கொழிந்தன, அவற்றை மீட்டு என்ன பயன் என்பர் சிலர். கடைக்கணக்கை மாவில் எழுதுக என்று எவரும் கூறவில்லை. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லும் படிக்கட்டாக அவை நிற்கட்டும் என்பதே கோரிக்கை. 1957-ஆம் ஆண்டு பதினாறணா உருபா நூறு காசாயிற்று. அதன் பின்னும் பல்லாண்டு, மக்கள் 25 காசை நாலணா என்றே வழங்கினர், காலும் 0.25-உம் ஒரே காசில் ஒன்றுபட்டுக் கையில் இருந்தன. 2011-இல் அக்காசும் செல்லாதாயிற்று. கடைத்தெரு கற்பித்த பாடத்தையும் இனிப் பள்ளியே கற்பித்தல் வேண்டும்.

தமிழாசிரியர்களே, கணக்காசிரியர்களே! கீழ்வாய் வாய்பாட்டை வகுப்புச் சுவரில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயரின் எதிரிலும் பதின்மத்தைப் பொறியுங்கள். பெற்றோரே! காலையும் அரையையும் வீட்டில் வாயாரச் சொல்லுங்கள். தாய்மொழியில் விளங்கிய கணக்கு ஒருநாளும் மறவாது. விளங்காமல் ஒப்பித்த கணக்கோ தேர்வு முடிந்த அன்றே மறைந்தொழியும்!