கடை குறைந்தது, கல்லா நிறைந்தது

மது விஷயத்தில் திரு. மு.க. ஸ்டாலின் அவர்களின் நிலைப்பாட்டை ஆண்டுவாரியாகப் பார்ப்போம்.

2016 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. பூரண மதுவிலக்கு என்றது. 2021 அறிக்கையில் அந்த வாக்குறுதியையே காணோம். ஆட்சிக்கு வந்தபின், 2023 ஜூனில் 5,329 டாஸ்மாக் கடைகளில் 500 மூடப்பட்டன. கைதட்டினோம்.

இனி கணக்கு. 2022-23இல் டாஸ்மாக் வருவாய் சுமார் 44,121 கோடி ரூபாய். கடைகளை மூடிய 2023-24இல் 45,855 கோடி! விலை கூடியதால் என்பார்கள். சரி, கூடிய விலையைக் கொடுத்தது யார்? கூலி வேலைக்காரர் வீட்டு அரிசிப் பணம்தானே அது?

ஜெயலலிதா அவர்கள் 2016இல் மூடியது 500. எடப்பாடியார் 2017இல் மூடியது 500. இவரும் 500. மூவருக்கும் ஒரே வாய்ப்பாடு!

காலை உணவுத் திட்டத்தை மனதார வாழ்த்துகிறேன். ஆனால் பல பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கு வருவதற்கு அப்பாவின் குடியும் ஒரு காரணம் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். பிள்ளைக்கு உப்புமா, அப்பனுக்கு குவார்ட்டர். இரண்டும் ஒரே அரசு தருவது!

ஆண்டுக்கு எத்தனை கடை மூடுவீர்கள், அந்த வருவாயை எப்படி ஈடுகட்டுவீர்கள் என்று ஓட்டுக் கேட்டு வரும் எல்லாக் கட்சியையும் கேளுங்கள். விடை எழுதாத தாளுக்கு மதிப்பெண் கிடையாது.