கைபேசியில் ஒரு கடை

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று கேட்பார்கள். பூவின் மணமே ஆளைக் கூப்பிட்டுவிடும் என்பது அதன் பொருள். உண்மைதான். ஆனால் அந்த மணம் தெருக்கோடி வரைதான் போகும். மதுரை மல்லிகையின் மணம் சென்னைக்கு எட்டாது.

மணம் எட்டாத ஊருக்கும் இன்று படம் எட்டுகிறது. கைபேசி அந்த வேலையைச் செய்கிறது.

வீட்டில் ஊறுகாய் போடும் பெண்கள், புடவை விற்பவர்கள், தையற்காரர்கள், மண்பாண்டம் செய்பவர்கள் ஆகியோரின் கையிலும் இப்போது ஒரு கடை இருக்கிறது. பேஸ்புக்கில் ஒரு பக்கம், இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், வாட்ஸ்அப்பில் ஒரு விலைப்பட்டியல். இதற்கு வாடகை இல்லை. முன்பணம் இல்லை. பெயர்ப்பலகை எழுதும் கூலியும் இல்லை. சிறு வியாபாரிகளுக்கென்றே 2018-ம் ஆண்டில் 'வாட்ஸ்அப் பிசினஸ்' என்ற தனிச் செயலியும் வந்துவிட்டது.

ஏழைக்கும் எட்டும் விளம்பரம் இது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால், பக்கம் தொடங்கியதும் பணம் கொட்டும் என்று நம்பிவிடக் கூடாது. கடை திறப்பது சுலபம். நடத்துவதுதான் கஷ்டம்.

உழைப்பைக் காட்டுங்கள்

மதுரைச் சுங்குடிப் புடவையை எடுத்துக்கொள்வோர் ஒரு பாடம் கற்கலாம். 2005-ம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற புடவை அது. துணியைச் சிறு சிறு புள்ளியாகக் கிள்ளி எடுத்து, நூலால் முடிச்சுப் போடுவார்கள். பிறகு சாயத்தில் நனைப்பார்கள். முடிச்சு உள்ள இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் அழகான புள்ளி தெரியும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு! பல நாள் உழைப்பு!

அதே புள்ளியை அச்சில் போட்டு, சுங்குடி என்ற பெயரில் விற்பதும் உண்டு. விலை குறைவு. கைபேசிப் படத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

முடிச்சுப் போட்டவர் என்ன செய்வது? முடிச்சுப் போடும் கையைப் படம் பிடித்துக் காட்ட வேண்டும். சாயம் காய்ந்தபின் முடிச்சு அவிழ்வதை அரை நிமிடம் காட்டினால் போதும். அச்சுப் புடவைக்காரரால் அதைக் காட்ட முடியாது. விலை ஏன் கூடுதல் என்பது பார்ப்பவருக்குத் தானே புரியும்.

விலையை மறைப்பது தவறு. விலை கேட்டுத் தனியாக எழுதுங்கள் என்றால் பலர் எழுத மாட்டார்கள். அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். விலை என்ன, நீளம் எவ்வளவு, சாயம் போகுமா, அனுப்பும் செலவு யாருடையது, பிடிக்காவிட்டால் திருப்பலாமா என்ற ஐந்துக்கும் பக்கத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

தின்பண்டம் விற்பவருக்கு இன்னொரு கடமை உண்டு. வீட்டு அடுப்பில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். பதிவுக்கு 14 இலக்க எண் தருவார்கள். அந்த எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். வாங்குகிறவருக்கு அது நம்பிக்கை தரும்.

அடுத்தவர் திண்ணை

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பக்கம் வியாபாரியுடையது, இடம் அவருடையது அல்ல. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் சொந்தக்காரர் மெட்டா என்ற ஒரே அமெரிக்க நிறுவனம். அதன் திண்ணையில்தான் எல்லோரும் கடை போட்டிருக்கிறார்கள். திண்ணைக்குச் சொந்தக்காரர் சொல்வதே சட்டம்.

2018 ஜனவரியில் பேஸ்புக் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. உறவினர், நண்பர்களின் பதிவுகளுக்கு முதலிடம். வியாபாரப் பக்கங்களுக்கு அதற்குப் பிறகுதான் இடம் என்றது. பக்கத்தை 1,000 பேர் பின்தொடர்ந்தாலும், ஒவ்வொரு பதிவும் 1,000 பேருக்கும் போய்ச் சேருவதில்லை. அதிகம் பேருக்குக் காட்ட வேண்டுமானால் விளம்பரக் காசு கட்ட வேண்டும்.

2020 ஜூன் 29-ம் தேதி இந்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. அந்த ஒன்றை மட்டும் நம்பியிருந்தவர்களின் கடை சில நாட்களில் காணாமல் போயிற்று. 2021 அக்டோபர் 4-ம் தேதி பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் 6 மணி நேரம் முடங்கின. அவை மூன்றும் ஒரே சங்கிலியில் கட்டியவை என்பது அன்று உலகத்துக்கே தெரிந்தது.

இதற்கு மருந்து என்ன? ஒரு நோட்டுப் புத்தகம்! சரக்கு வாங்கியவரின் பெயர், ஊர், தொலைபேசி எண், வாங்கிய பொருள் ஆகியவற்றை அவர் சம்மதத்துடன் அதில் எழுதி வைக்க வேண்டும். பக்கம் போனாலும் வாடிக்கைக்காரர் போகமாட்டார். தீபாவளி சமயத்தில் நேரே கூப்பிட்டுச் சொல்லலாம்.

ஏமாறக் கூடாது

பணம் அனுப்பிவிட்டேன் என்று ஒரு படத்தைக் காட்டிச் சரக்கை வாங்கிப் போகும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். படத்தை நம்பாமல் வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும். பணம் வந்து சேருவதற்கு ரகசிய எண்ணை அழுத்த வேண்டியதே இல்லை. அழுத்தச் சொன்னால் அது மோசடி. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

வியாபாரியும் பிறரை ஏமாற்றக் கூடாது. காசு கொடுத்துப் போலி ரசிகர்களைச் சேர்ப்பதால் ஒரு புடவைகூட விற்காது. குறை சொல்லி ஒருவர் எழுதினால் அதை அழிப்பது புத்திசாலித்தனம் அல்ல. பணிவாகப் பதில் எழுதி, மாற்றுச் சரக்கு அனுப்பினால் பார்க்கிற பத்துப் பேருக்கு மதிப்பு கூடும்.

செட்டியார் மிடுக்கா, சரக்கு மிடுக்கா என்று பெரியவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்னும் பழசாகவில்லை. கைபேசி வாடிக்கைக்காரரை ஒரு தடவை வாசல் வரை அழைத்து வரும். அவரை இரண்டாம் தடவை வரவழைப்பது சரக்கும் நாணயமும்தான்!