கண்ட்ரோலரைக் கடைசியில் வாங்குங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களில் பலருக்கும் ஒரு ஆசை வருகிறது. விளக்கு, மோட்டார், மீன் தொட்டி என வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அதனுடன் இணைத்து இயக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் அது. தவறில்லை. ஆனால் பவளம் வளர்க்கும் கடல் மீன் தொட்டியைப் பொறுத்தவரை இந்த ஆசையைச் சற்றுத் தள்ளிப் போட வேண்டும் என்பது என் கருத்து. விலை உயர்ந்த கண்ட்ரோலரை முதலில் வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் பம்ப் தேடுவது தலைகீழான வழி.

பவளம் ஒரு உயிர். பாறையோடு ஒட்டி வாழ்வதால் அது உணவைத் தேடிப் போக முடியாது. நீரோட்டம்தான் உணவையும் ஆக்சிஜனையும் கொண்டுவந்து கொடுத்து, கழிவை அள்ளிச் செல்கிறது. பால்கோவா கிண்டும்போது கை நின்றால் அடிப்பிடித்துவிடும் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தத் தொட்டியும் அப்படித்தான். மேல்மட்ட நீர் அசைந்துகொண்டே இருந்தால்தான் காற்றில் உள்ள ஆக்சிஜன் உள்ளே இறங்கும். நல்ல தண்ணீரைவிடக் கடல் நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். நீர் சூடானால் இன்னும் குறையும். எனவே சித்திரை வெயிலில் பம்ப் சில மணி நேரம் நின்றாலே மீன்கள் மூச்சுத் திணறத் தொடங்கிவிடும்.

நான் இருப்பது வன்னியம்பட்டி. தூத்துக்குடிக் கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். கடல் நீருக்குப் பதிலாக உப்புக் கலவையைக் கரைத்துத்தான் தொட்டியை நிரப்புகிறோம். ஒரு தொட்டி கெட்டுவிட்டால் அவசரத்துக்கு ஓடிப்போய் நீர் எடுத்து வர முடியாது. அதனால்தான் பம்ப் நிற்கக்கூடாது என்பதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

எவ்வளவு சக்தியுள்ள பம்ப் வேண்டும்? 100 x 45 x 45 செ.மீ. தொட்டியில் ஏறத்தாழ 200 லிட்டர் நீர் இருக்கும். மென்பவளங்களுக்கு மணிக்கு 10 முதல் 20 மடங்கு சுழற்சி போதும் என்பது தொட்டி வளர்ப்பவர்களின் பொதுவான கணக்கு. அதாவது மணிக்கு 2,000 முதல் 4,000 லிட்டர் வரை. கிளை விட்டு வளரும் கடினப் பவளங்களுக்கு இதைப்போல இரண்டு, மூன்று மடங்கு தேவைப்படும். ஆனால் கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் இருந்து ஒரு துண்டு எடுத்து வந்தாலும் குற்றம். எனவே கோமாளி மீன், சட்டப்படி வாங்கக்கூடிய மென்பவளங்கள் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையமே உருவாக்கியிருக்கிறது. இப்படிப்பட்ட தொட்டிக்கு ராட்சத பம்ப் தேவையே இல்லை.

அடுத்த கேள்வி, ஏ.சி. பம்ப்பா, டி.சி. பம்ப்பா? விலை கூடினாலும் டி.சி. பம்ப்பையே நான் சிபாரிசு செய்வேன். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, நீருக்குள் 230 வோல்ட் போவதில்லை. அடாப்டர் வெளியிலேயே அதை 24 வோல்ட் அளவுக்குக் குறைத்துவிடுகிறது. இரண்டாவது, குறைந்த வாட்ஸில் ஓடுவதால் நீரைச் சூடாக்குவதும் குறைவு. மூன்றாவது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நம் வீடுகளில் உள்ள பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏ.சி. பம்ப் உறுமும், சூடாகும். டி.சி. பம்ப்புக்கு அடாப்டர் இருப்பதால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டு இன்று இல்லை. ஆனாலும் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும் நாட்கள் உண்டு. கம்ப்யூட்டருக்கு வாங்கும் 600 விஏ யு.பி.எஸ்.களில் பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. அதில் பாதி கையில் கிடைத்தால்கூட 10 வாட்ஸ் பம்ப் சுமார் 4 மணி நேரம் ஓடும். மாலை வரை தாங்க வேண்டுமானால் வீட்டு இன்வெர்ட்டர்தான் சரி. லோடு மிகக் குறைவாக இருந்தால் தானே அணைந்துவிடும் யு.பி.எஸ்.களும் உண்டு. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். ஒரு பெரிய பம்ப்புக்குப் பதில் இரண்டு சிறிய பம்ப் வாங்குங்கள். ஒன்றைக் கண்ட்ரோலரில் இணைக்காமல் நேரடியாக இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். மற்றொன்றை மட்டும் கண்ட்ரோலரிடம் விடுங்கள். கம்ப்யூட்டர் ஹேங் ஆவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கண்ட்ரோலரும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். அது ஹேங் ஆனாலும் தொட்டியில் ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கண்ட்ரோலரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடலில் ஓட்டம் ஒரே திசையில், ஒரே வேகத்தில் இருப்பதில்லை. வேகத்தை மாற்றி மாற்றி அலை போலத் தருவது பவளத்துக்கு நல்லது. பம்ப்போடு வரும் பட்டன் வைத்த சிறிய பெட்டியே இதைச் செய்துவிடும். கடையில் அதை ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி மீண்டும் மாட்டச் சொல்லுங்கள். பழைய செட்டிங்கிலேயே தானாக ஓடத் தொடங்கினால் வாங்கலாம். பட்டன் அழுத்தினால்தான் ஓடும் என்றால் வேண்டாம். வைஃபை உள்ளதாக இருந்தால், இண்டர்நெட் இல்லாதபோதும் இயங்குமா என்று பாருங்கள்.

கம்ப்யூட்டர் ஆர்வம் உள்ளவர்களுக்கு ரீஃப்-பை என்ற திறந்த மூல சாப்ட்வேர் இருக்கிறது. ராஸ்பெர்ரி பை போர்டில் ஓடும். பிரவுசரிலேயே வெப்பநிலை, பம்ப், விளக்கு எல்லாவற்றையும் கவனிக்கலாம். முதலில் வெப்பநிலையைப் பதிவு செய்ய மட்டும் பயன்படுத்துங்கள். பிறகு பம்ப்பை இணைப்பதானால் ரிலேயின் நார்மலி குளோஸ்டு முனையில் இணைக்கச் சொல்லுங்கள். போர்டு செத்தாலும் பம்ப் ஓடும். திடீர் மின்தடையில் மெமரி கார்டு கெட்டுப்போகலாம் என்பதால் போர்டுக்கும் யு.பி.எஸ். கொடுங்கள். 230 வோல்ட் வயரிங்கை எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். உப்பு நீர் இருக்கும் இடத்தில் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும்.

ஆக, இரண்டு பம்ப், பேட்டரி, ஆர்.சி.சி.பி., கடைசியாகக் கண்ட்ரோலர். பணம் போக வேண்டிய வரிசை இதுதான். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெயின் சுவிட்சைப் பத்து நிமிடம் அணைத்து, தொட்டியில் எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று பாருங்கள். எந்த விளம்பரத்தையும்விட அந்தப் பத்து நிமிடம் உங்களுக்கு அதிகம் சொல்லும்.