அம்பை நோகாதவர்

எய்தவன் இருக்க அம்பை நோகலாகாது என்பது நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்த பழமொழி. ஆனால் எய்தவன் எட்டாத தூரத்திலிருக்க, அம்பு மட்டும் கையில் அகப்பட்டால், அதை முறித்துப் போடத்தான் மனசு துடிக்கிறது. அவ்விதம் முறிபடவிருந்த சில பிடில்களையும், அவற்றைக் காத்த ஒரு தொழிலாளியையும் பற்றி இந்த வாரம் சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் மோஷே வைன்ஸ்டைன், யூதர். அந்நாளில் போலந்தைச் சேர்ந்திருந்த வில்னா நகரவாசி. பிடில் வேலையை வார்ஸாவில் கற்று, 1938-ஆம் வருஷம் மனைவியுடன் பாலஸ்தீனத்தில் குடியேறி, டெல் அவீவில் பட்டறை வைத்தார். 1936-ல் பிடில் மேதை ஹூபர்மன் அங்கே ஸ்தாபித்திருந்த வாத்திய கோஷ்டியில், ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூத வித்வான்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த வாத்தியங்களில் பல, ஜெர்மனியில் செய்யப்பட்டவை.

1945-ல் யுத்தம் முடிந்தது. ஹிட்லர் ஆட்சி லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்ற விவரம் முழுதும் வெளியாயிற்று. வித்வான்களுக்கு ஜெர்மன் பிடிலைத் தொடவும் கை கூசிற்று. வாங்கிக் கொள்ளாவிட்டால் உடைத்தெறிவோம் என்று மோஷேயிடம் சொன்னவர்களும் உண்டு. அவருடைய சொந்த உறவினர்களும் மாண்டவர்களில் அடக்கம். எனினும் அவர், விற்க முடியாதென்று தெரிந்தே, பணம் கொடுத்து வாங்கி வைத்தார்.

ஏன்? பிடிலின் அமைப்பைப் பார்த்தால் ஒருவாறு விளங்கும். மேற்பலகை ஸ்புரூஸ் மரம். அடிப்பலகையும் பக்கங்களும் மேப்பிள். இவற்றை ஆணியடித்துப் பூட்டுவதில்லை. மிருகத்தோலைக் காய்ச்சி எடுத்த பசையால் ஒட்டுகிறார்கள். மெல்லிய கத்தியை நுழைத்துத் திறந்து, பழுது பார்த்து, மறுபடி மூடிவிடலாம். உள்ளே இரு பலகைகளுக்கும் நடுவே ஒட்டாமல் நிற்கும் சிறு மரக்குச்சிக்கு இத்தாலியர் இட்ட பெயர் 'ஆத்மா'. அது இம்மி நகர்ந்தாலும் நாதம் மாறிவிடும். இத்தகைய பொருளைத் திறந்து பார்த்த கைக்கு, அதை உடைக்க மனம் வருமா?

மகன் அம்னோனும் இதே தொழிலில் இறங்கினார். ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து பிழைத்த ஒருவர் கொண்டுவந்த பிடிலை ஒரு நாள் திறந்தார், உள்ளே சாம்பல்! அதன்பின் வெகு காலம் அவருக்கு அத்தகைய வாத்தியங்களைத் தொடத் தைரியமில்லை. 1996 முதல் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, யூதர்கள் முகாம்களிலும் சேரிகளிலும் வாசித்த பிடில்களைத் தேடிச் செப்பனிட்டார். தகப்பனார் வாங்கி வைத்தவையும் அவற்றோடு சேர்ந்தன. பல தேசத்து மேடைகளில் அவை மீண்டும் ஒலித்தன. 2024-ல் அம்னோன் காலமானார்.

பிறர் துக்கத்தில் எறிய இருந்ததை நஷ்டத்துக்கு வாங்கி வைத்த அந்தக் கடைக்காரரின் கணக்கு, அரை நூற்றாண்டு கழித்துத்தான் நேராயிற்று.