மரம் பேசியது போதும், பிள்ளை பேசட்டும்

நம் பள்ளிக்கூடங்களில் தமிழ்க் கட்டுரைக்கென்று சில நிரந்தரத் தலைப்புகள் உண்டு. 'ஒரு மரம் தன் வரலாறு கூறுகிறது', 'ஒரு குடையின் தன்வரலாறு', 'நான் ஒரு நூறு ரூபாய் நோட்டு'. என் பிள்ளைகள் எழுதினார்கள், இப்போது பேரப்பிள்ளைகளும் எழுதுகிறார்கள். மரம் பேசும், குடை அழும், ரூபாய் நோட்டு கை மாறிக் கை மாறிக் கந்தலாகும். எழுதுகிற பிள்ளையை மட்டும் அந்தக் கட்டுரையில் எங்கும் காண முடியாது.

பிள்ளைகள் தங்கள் சொந்த வரலாற்றை எழுத வேண்டும், பெரியவர்கள் அதற்குத் துணை நிற்க வேண்டும் என்பது என் கட்சி. ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறேழு பேர் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை படிப்பவர்கள். கணக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தைரியம் போதாது. எழுத வைக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார்: "பதினாலு வயசுல என்னங்க சரித்திரம் இருக்கு?"

சரித்திரம் என்பது பெரிய காரியங்களைச் செய்து முடித்தவர்கள் கடைசிக் காலத்தில் எழுதுவது என்று நாம் நினைக்கிறோம். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியபோது அவருக்கு எண்பத்தைந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. 1942-இல் அவர் மறைந்தார், நூலும் முடிவு பெறாமல் நின்றது. ஆனால் அதில் என் மனதில் முதலில் நிற்பது ஏடுகளைத் தேடிய பேரறிஞர் அல்ல. தமிழ் படிக்க ஆசிரியர் கிடைப்பாரா என்று தகப்பனாரோடு ஊர் ஊராய்ப் போன சிறுவன்தான். சிறு வயதிலும் சரித்திரம் இருக்கிறது என்பதற்கு அவரே சாட்சி.

எங்கள் புதுச்சேரிக்காரர் ஆனந்தரங்கப் பிள்ளை அதுவரைகூடக் காத்திருக்கவில்லை. 27 வயதில், 1736-இல், நாட்குறிப்பைத் தொடங்கி 1761 வரை எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, குவர்னர் வீட்டுக்கு யார் வந்தார், ஊரில் என்ன பேச்சு என்று எழுதிவைத்தார். துய்ப்ளெக்சின் துபாஷி என்பதால் அவருக்குத் தெரிந்த சங்கதிகள் அதிகம். ஆனால் அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் பலர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேரின் குரல் இன்று நமக்குக் கேட்கிறது? உட்கார்ந்து எழுதியவரின் குரல் கேட்கிறது.

சாதாரண மனிதர்களுக்கு இது இன்னும் அவசியம். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் எத்தனையோ பணிப்பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறேன். முதல் பக்கத்தில் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளங்கள், இடது கை விரல் ரேகைகள். அதன் பிறகு பதவி, சம்பளம், விடுப்பு. ஒருவர் இரண்டு மாதம் விடுப்பில் போனார் என்று அதில் இருக்கும். அந்த இரண்டு மாதமும் மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார் என்று இருக்காது. பதிவேட்டைக் குறை சொல்லவில்லை, அதன் வேலை அது அல்ல. ஆனால் ஒரு மனிதரைப் பற்றி மிஞ்சுகிற எழுத்து அது ஒன்றுதான் என்றால் அது நியாயமா?

திண்ணைக்கு வரும் பிள்ளைகளைப் பற்றியும் இப்போதே நிறையத் தாள்கள் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல். எல்லாம் மற்றவர்கள் எழுதியவை. அவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிய தாள் ஒன்றாவது இருக்கட்டும் என்பதுதான் என் ஆசை.

சரி, எப்படி உதவுவது? "உன்னைப் பற்றி எழுது" என்று சொன்னால் போதாது. அப்படிச் சொன்னால் என்ன வரும் என்பதைச் சிறு வயதிலேயே பார்த்தவன் நான். நான் படித்தது பிரெஞ்சு வழியில். 'ரெதாக்சியோன்' என்று கட்டுரை வகுப்பு உண்டு. ஒருமுறை தலைப்பு, 'உங்கள் வீட்டை வருணியுங்கள்'. பாடப்புத்தகத்து வீட்டில் கணப்பு எரியும், கூரையில் பனி விழும். எங்கள் வீடுகளில் இருந்தவை திண்ணையும் முற்றமும் மாட்டுக்கொட்டிலும். திண்ணைக்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆகவே புதுச்சேரி வெயிலில் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் கணப்பு எரிந்தது! நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

அந்நிய மொழியால் வந்த வினை என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. தாய்மொழியில் எழுதும் பிள்ளைகளும் இன்று அதையேதான் செய்கிறார்கள். கணப்புக்குப் பதிலாக 'அன்பும் பண்பும் குடிகொண்ட அழகிய இல்லம்' என்று எழுதுகிறார்கள். செல்பேசியிடம் கேட்டால் இன்னும் சுத்தமான வீடு ஒன்றைக் கட்டிக்கொடுத்துவிடும். அந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் குடியிருக்கலாம்.

ஆகவே நான் சின்னக் கேள்விகளாகக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் முதலில் எழுந்திருப்பவர் யார், எழுந்ததும் என்ன செய்வார்? உனக்கு இந்தப் பெயரை வைத்தது யார், வேறு என்ன பெயர் வைக்க நினைத்திருந்தார்கள்? இதுவரை எத்தனை வீடுகளில் குடியிருந்திருக்கிறாய்? பதில் தெரியாவிட்டால் அம்மாவிடமோ ஆயாவிடமோ கேட்டுவரச் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதல் வாரம், 'நான் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தேன். என் பெற்றோர் என் மீது மிகுந்த பாசம் கொண்டவர்கள்' என்று எழுதி நிறுத்திவிட்டாள். மேலே ஒரு வரியும் ஓடவில்லை. வீடுகளைப் பற்றிக் கேட்டேன். ஐந்து வீடு என்றாள். ஒவ்வொன்றையும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். அடுத்த வாரம் நான்கு பக்கம் எழுதிவந்தாள். ஒரு வீட்டில் வாடகையை ஏற்றினார்கள். ஒரு வீட்டை விற்றுவிட்டார்கள். நாலாவது வீட்டில் கழிப்பறை மாடியில் இருந்தது, ஆயாவுக்கு முட்டி வலி, அதனால் காலி செய்தார்கள். இரண்டாவது வீட்டில் அம்மா வைத்த முருங்கை இப்போது காய்க்கிறது, அந்தத் தெரு வழியாகப் போகும்போது அம்மா தலையைத் திருப்பிக்கொள்வாள் என்று எழுதியிருந்தாள். இதை எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் எடுத்திருக்க முடியாது.

இங்கேதான் பெரியவர்கள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டுரையை வாசித்த படித்த மனிதர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், பேனாவை எடுத்தார். 'வறுமையின் கோரப்பிடியில் சிக்கி' என்று மேலே ஒரு வரி சேர்த்தார். கழிப்பறையை அடித்தார், அது நாகரிகமில்லையாம். அந்தப் பெண் வறுமை என்று எங்கும் எழுதவில்லை. முட்டி வலி என்றுதான் எழுதினாள். அவள் குடும்பத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். எழுத்துப்பிழையைக் கடைசியில் திருத்திக்கொள்ளலாம். அவள் சொல்லை எடுத்துவிட்டு நம் சொல்லைப் போட்டால், பிறகு அது யாருடைய வரலாறு?

இன்னொரு பக்கமும் உண்டு. ரூசோ தன் சுயசரிதையில், இளவயதில் தான் ஒரு ரிப்பனைத் திருடிவிட்டு, பழியை வேலைக்காரப் பெண் மேல் போட்டதை எழுதினார். எழுதியபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அந்தத் துணிச்சலைப் பதினாலு வயதுப் பிள்ளையிடம் கேட்க நமக்கு உரிமை இல்லை. அப்பா குடித்துவிட்டு வருவதை எழுதலாமா என்று ஒரு பையன் கேட்டான். எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம் என்றேன். எங்கள் திண்ணையில் ஒரு விதி இருக்கிறது: மடித்த பக்கத்தை யாரும் படிக்கக் கூடாது, நானும்தான். அவன் இரண்டு பக்கங்களை எழுதி மடித்து வைத்திருக்கிறான். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்றை எல்லாப் பிள்ளைகளிடமும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். யாராவது உன்னை அடிக்கிறார்கள், தவறாக நடந்துகொள்கிறார்கள் என்றால், அதை மடித்து வைக்காதே, நம்பிக்கையான ஒருவரிடம் சொல். என்னிடம் சொன்னால் அதை நான் ரகசியமாக வைத்துக்கொள்ள மாட்டேன், உதவி கேட்பேன். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் நோட்டின் அட்டையில் எழுதச் சொல்கிறேன். பிள்ளைகளை எழுத வைக்கிறவர்களுக்கு இந்தப் பொறுப்பு உண்டு. அதை ஏற்க முடியாதவர்கள் மரத்தின் கதையோடு நின்றுகொள்வது நல்லது.

'இதற்கு மதிப்பெண் உண்டா?' என்று பெற்றோர் கேட்கிறார்கள். இல்லை. இருக்கவும் கூடாது. மதிப்பெண் என்று வந்தால் மறுவாரமே எல்லா வீட்டிலும் கணப்பு எரியத் தொடங்கிவிடும். ஆனால் ஒரு லாபம் உண்டு. நாலு பக்கம் சொந்தமாக எழுதிய பிள்ளை, பரீட்சையில் வெறும் தாளைப் பார்த்து மிரள்வதில்லை. இது என் கண்ணால் பார்த்தது.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொடுங்கள். இதுவரை எத்தனை வீட்டில் குடியிருந்தோம், ஏன் விட்டோம் என்று எழுதச் சொல்லுங்கள். ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளையாக இருந்தால், அந்த வீட்டில் எந்தப் பொருளைத் தொடக் கூடாது என்று எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் கேட்டு அவர்கள் உங்களிடம் வருவார்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். பேனாவை மட்டும் வாங்காதீர்கள்.